வேலை போனால் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்? அமெரிக்காவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரம் சரிந்து ஆட்குறைப்பு தொடங்கிவிட்டால் முதலில் சம்பளக் கவலை, அடுத்து விசாக் கவலை, அப்புறம் வீட்டுக் கடன். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பலருக்கு நினைவுக்கு வருவதே பார்மசி கவுன்ட்டரில்தான். மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டே அங்கிருப்பவர் “உங்கள் பிளான் ஆக்டிவாக இல்லை என்று காட்டுகிறதே” என்பார். அமெரிக்காவில் கம்பெனி வழியாக இன்ஷூரன்ஸ் வைத்திருந்து வேலையை இழந்தவர்களும், இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வருமான வரம்புகள் 2026 பிளான் ஆண்டுக்கானவை. ஒரே ஒரு பதிலைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், 30 நாள் கெடு பற்றியதைப் படியுங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

வேலை போன அன்றே இன்ஷூரன்ஸும் போய்விடுமா?

அது உங்கள் கம்பெனியின் பிளானைப் பொறுத்தது. சில பிளான்களில் கடைசி வேலை நாளன்று நள்ளிரவோடு முடிந்துவிடும். வேறு பல பிளான்களில் அந்த மாதக் கடைசி வரை இருக்கும். இந்த இரண்டாவது வகையில் மாதம் 2-ஆம் தேதி வேலை போனவருக்கு நான்கு வாரம் கவரேஜ் மிச்சம். 30-ஆம் தேதி போனவருக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

எச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “என் கவரேஜ் முடியும் தேதி எது?” என்பது. வாயால் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகிற பல கெடுக்கள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அந்தத் தேதியைச் சொல்லும் கடிதம் கையில் இல்லாமல் வேறு பிளானில் சேர்வதும் கஷ்டம்.

100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் பெரிய அளவில் ஆட்களைக் குறைத்தால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1988-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. சில நிறுவனங்கள் அந்த 60 நாளும் வேலை எதுவும் தராமல் சம்பளப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கும். அப்படி இருந்தால் இன்ஷூரன்ஸ் பொதுவாகத் தொடரும். பல், கண், உடல் பரிசோதனை என்று தள்ளிப்போட்டதையெல்லாம் அந்த நாட்களில் முடித்துவிடுங்கள்.

வேலைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் யார் இப்படி முடிச்சுப் போட்டது?

இரண்டாம் உலகப் போர். 1942-இல் அமெரிக்க அரசு விலைவாசியைக் கட்டுப்படுத்தச் சம்பள உயர்வுகளுக்குத் தடை போட்டது. ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள், சம்பளத்தை ஏற்ற முடியாது என்பதால் மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆட்களை இழுத்தன. 1954-இல் வந்த வருமானவரிச் சட்டம், கம்பெனி கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வரி கட்ட வேண்டாம் என்று உறுதிசெய்ததும் அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது.

நல்ல காலத்தில் இது வசதிதான். மந்தநிலை வந்தால் ஒரே அடியில் இரண்டும் போகும். 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூன் வரை நீடித்த பெருமந்தத்தின் தொடர்ச்சியாக, 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. அப்போது அரசு, வேலை இழந்தவர்களின் கோப்ரா (பழைய கம்பெனி பிளானைச் சொந்தக் காசில் தொடரும் வழி) பிரீமியத்தில் 65 சதவீதத்தை ஏற்றுக்கொண்டது. கோவிட் காலத்தில் 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முழுவதையும் ஏற்றது. இரண்டுமே தற்காலிகச் சலுகைகள், முடிந்துவிட்டன. அடுத்த மந்தத்திலும் அப்படி ஒன்று வரும் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

சரி, எனக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பெரும்பாலானவர்களுக்கு நான்கு. கணவன் அல்லது மனைவியின் கம்பெனி பிளானில் சேர்வது. பழைய கம்பெனி பிளானையே கோப்ரா வழியாகத் தொடர்வது. மார்க்கெட்பிளேஸில், அதாவது ஒபாமாகேர் என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த அரசுக் காப்பீட்டுச் சந்தையில் தனியாக ஒரு பிளான் வாங்குவது. வருமானம் ரொம்பக் குறைந்துவிட்டால் மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடு. 26 வயது ஆகாதவர்கள், பெற்றோருக்கு அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் இருந்தால் அதிலும் சேரலாம்.

எது மலிவு என்று விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்வதற்கு முன், எந்தக் கதவு முதலில் மூடும் என்று பாருங்கள்.

அந்த 30 நாள் கெடு என்ன?

உங்கள் கவரேஜ் போனால் உங்கள் மனைவியோ கணவரோ தம்முடைய கம்பெனி பிளானில் உங்களையும் குழந்தைகளையும் உடனே சேர்க்கலாம். ஆண்டு இறுதியில் எல்லோரும் பிளானில் சேரும் காலமான ஓப்பன் என்ரோல்மென்ட் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் தந்த உரிமை இது. ஆனால் கவரேஜ் போன நாளிலிருந்து 30 நாளுக்குள் கேட்டாக வேண்டும். சில கம்பெனிகள் கூடுதல் நாள் தரும். சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சம் இவ்வளவுதான்.

கோப்ராவுக்கும் மார்க்கெட்பிளேஸுக்கும் 60 நாள் என்பதால், எல்லாவற்றுக்குமே 60 நாள் என்று மனதில் பதிந்துவிடுகிறது. “முதலில் கோப்ரா காகிதம் வரட்டும், விலையைப் பார்த்துவிட்டு அவள் ஆபீஸ் பிளானைப் பற்றி யோசிக்கலாம்” என்று இருப்பவர்கள் மாட்டுவது இதில்தான். கோப்ரா காகிதம் உங்கள் கைக்கு வரச் சட்டம் அனுமதிக்கும் காலமே 44 நாள் வரை. கம்பெனி தகவல் சொல்ல 30 நாள், பிளான் நிர்வாகி கடிதம் அனுப்ப 14 நாள். அது வருவதற்குள் 30 நாள் கதவு சாத்தப்பட்டுவிடும்.

வீட்டில் இருவரும் வேலை செய்பவர்கள் என்றால் முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். கம்பெனி போர்ட்டலில் ‘லைஃப் ஈவென்ட்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் கவரேஜ் இழந்த தேதியைப் போட்டு, பழைய கம்பெனியின் கடிதத்தை இணைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் வேலை ஆட்டம் காண்கிறது என்றாலும் இதைச் செய்வதில் நஷ்டமில்லை. அந்த வேலையும் போனால் புதிதாக இன்னொரு 60 நாள் வாய்ப்பு பிறக்கும்.

கோப்ரா என்றால் என்ன? ஏன் இவ்வளவு விலை?

பழைய கம்பெனியின் அதே பிளானை, அதே டாக்டர், அதே டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) கணக்கோடு, உங்கள் சொந்தக் காசில் தொடரும் உரிமை. 1986-இல் கையெழுத்தான சட்டம். வேலை போனவர்களுக்கு 18 மாதம் வரை கிடைக்கும். 20 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஆட்குறைப்பு என்றில்லை, நீங்களே ராஜினாமா செய்திருந்தாலும் உண்டு. கடும் முறைகேட்டுக்காக நீக்கப்பட்டவர்களுக்கு மட்டும் மறுக்கலாம்.

விலை ஏறவில்லை. இதுவரை உங்கள் கண்ணில் படாதது இப்போது படுகிறது, அவ்வளவுதான். கே.எஃப்.எஃப். என்ற ஆய்வு அமைப்பின் 2024 கணக்கெடுப்பின்படி, கம்பெனி வழிக் குடும்ப இன்ஷூரன்ஸின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் தொழிலாளி கட்டியது 6,296 டாலர். மீதியைக் கம்பெனி கட்டியது. கோப்ராவில் முழுத் தொகையோடு 2 சதவீத நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து உங்கள் தலையில் விழும். அதாவது மாதம் 525 டாலர் போல் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஏறத்தாழ 2,174 டாலர்.

உங்கள் தொகை எவ்வளவு என்று தெரிய கோப்ரா கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். போன ஆண்டுக்குக் கம்பெனி தந்த சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவத்தை எடுத்துப் பாருங்கள். 12-ஆம் கட்டத்தில் ‘டிடி’ என்ற குறியீட்டுக்கு எதிரே பெரும்பாலும் ஒரு தொகை இருக்கும். வரி கட்டும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் அதற்கு வரி கிடையாது. நீங்களும் கம்பெனியும் சேர்ந்து அந்த ஆண்டு இன்ஷூரன்ஸுக்குக் கட்டிய மொத்தம் அது. ஆண்டு முழுவதும் அதே பிளானில் இருந்திருந்தால், அதை 12-ஆல் வகுத்து 2 சதவீதம் கூட்டினால் கோப்ரா தொகை ஏறக்குறைய கிடைத்துவிடும். புது ஆண்டில் பிரீமியம் ஏறியிருந்தால் சற்றுக் கூடும்.

உடனே கோப்ரா எடுக்க வேண்டுமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

பொறுக்கலாம். கோப்ராவின் பெரிய வசதியே இதுதான். கவரேஜ் முடிந்த நாள், கடிதம் வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 60 நாள் வரை முடிவு சொல்லலாம். எடுப்பதாகச் சொன்ன பிறகு முதல் பணம் கட்ட இன்னும் 45 நாள். எடுத்துவிட்டால் கவரேஜ் முடிந்த நாளிலிருந்தே செல்லும், இடைவெளி இருக்காது.

ஓர் உதாரணம். கவரேஜ் மார்ச் 31-இல் முடிகிறது. கடிதம் தந்த தேதி ஏப்ரல் 20. ஜூன் 19 வரை முடிவெடுக்க நேரம் இருக்கிறது. மே மாதம் குழந்தைக்கு அப்பென்டிக்ஸ் என்று ஆபரேஷன் ஆகிவிட்டால், அதற்குப் பிறகும் கோப்ரா எடுத்து ஏப்ரல் முதல் பணம் கட்டினால் அந்த பில்லுக்கும் இன்ஷூரன்ஸ் செல்லும். எதுவும் ஆகவில்லை, புது வேலை கிடைத்துவிட்டது என்றால் ஒரு காசும் கட்ட வேண்டாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இதை நம்பக் கூடாது. இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரி கணினியில் உங்கள் பிளான் செல்லாது என்றே காட்டும். சில இடங்களில் முன்பணம் கேட்பார்கள். கட்டிவிட்டுப் பின்னால் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். பின்தேதியில் எடுக்கும்போது விட்டுப்போன எல்லா மாதங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், வேண்டிய மாதத்துக்கு மட்டும் என்று பொறுக்கி எடுக்க முடியாது. இந்த உதாரணத்திலேயே மார்க்கெட்பிளேஸில் சேரும் கெடு மே 30-ஆம் தேதியே முடிந்துவிடுகிறது. கோப்ராவுக்கு ஜூன் வரை நேரம் இருக்கிறதே என்று இருந்தால், மற்ற வழி சத்தமில்லாமல் அடைபட்டிருக்கும்.

இன்னொன்று. அந்தக் கடிதம் உங்கள் கம்பெனி பெயரில் வராமல் போகலாம். கேள்விப்பட்டிராத ஏதோ நிர்வாக நிறுவனத்தின் பெயரில், விளம்பரத் தபால் போலவே வெள்ளை உறையில் வரும். பலர் பிரிக்காமலே குப்பையில் போட்டிருக்கிறார்கள். வீடு மாறுவதாக இருந்தால் எச்.ஆரிடம் புது முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

குடும்பம் முழுவதற்கும் கோப்ரா எடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். இது பலருக்குத் தெரியாத விஷயம். பிளானில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி, டாக்டரை மாற்ற மனமில்லை, டிடக்டிபிளும் கட்டி முடித்தாயிற்று என்றால் அவருக்கு மட்டும் கோப்ரா எடுத்துவிட்டு நீங்களும் மூத்த குழந்தையும் மலிவான மார்க்கெட்பிளேஸ் பிளானுக்குப் போகலாம். ஒருவருக்கான பிரீமியம் குடும்பத் தொகையில் பாதிகூட வராது. குழந்தை பிறந்ததும் சேர்ப்பதற்கும் கெடு உண்டு. பொதுவாகக் கம்பெனி பிளானில் 30 நாள், மார்க்கெட்பிளேஸில் 60 நாள்.

என் கம்பெனி சின்னது. அல்லது கம்பெனியையே மூடிவிட்டார்கள். அப்போது?

20 பேருக்குக் குறைவு என்றால் கூட்டாட்சி கோப்ரா கிடையாது, ஆனால் பல மாநிலங்களில் அதற்கு ஈடான சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2 முதல் 19 பேர் உள்ள நிறுவனங்களுக்கு 36 மாதம் வரை. நியூயார்க்கிலும் 36 மாதம். டெக்சஸில் கோப்ரா இல்லாதவர்களுக்கு 9 மாதம்.

கம்பெனி திவாலாகி பிளானையே கலைத்துவிட்டால் தொடர்வதற்கு எதுவும் இல்லை. நேரே மார்க்கெட்பிளேஸ்தான். ஏற்கெனவே கோப்ராவில் இருந்தவர்களுக்கும் அப்போது அது நின்றுவிடும். மந்தநிலையில் இது நடக்கக்கூடியதுதான். அதனால் கம்பெனி தள்ளாடுகிறது என்று தெரிந்தால் 18 மாதக் கணக்குப் போடாதீர்கள்.

மார்க்கெட்பிளேஸில் எப்போது, எப்படிச் சேர்வது?

கவரேஜ் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாள் பின்பு வரை. முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டால் பழையது முடிந்த மறுமாதம் முதல் தேதியே புதியது தொடங்கும், இடைவெளி விழாது. பின்னால் போனால், தேர்ந்தெடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதி. பல மாநிலங்களுக்கு ஹெல்த்கேர்.கவ் என்ற பொதுத் தளம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்ஸி, பென்சில்வேனியா, வாஷிங்டன், ஜார்ஜியா போன்றவை தனித் தளம் வைத்திருக்கின்றன.

2014 முதல் ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி மறுக்கவோ, விலை ஏற்றவோ முடியாது. சர்க்கரையோ இதய நோயோ எது இருந்தாலும் இது பொருந்தும். 2009-இல் வேலை இழந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அன்றைக்குச் சர்க்கரை நோயாளிக்குத் தனி பிளான் கிடைப்பதே பெரும்பாடு.

மார்க்கெட்பிளேஸ் பிரீமியத்துக்கு அரசு மானியம் கிடைக்குமா?

ஆண்டு மொத்த வருமானத்தைப் பார்ப்பார்கள், இன்றைய நிலையை அல்ல. இதை நிறையப் பேர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். “எனக்கு இப்போது வருமானமே இல்லையே” என்று பூஜ்யம் போட்டுவிடக் கூடாது. ஜனவரியிலிருந்து வாங்கிய சம்பளம், செவரன்ஸ் (வேலையிலிருந்து அனுப்பும்போது கம்பெனி தரும் தொகை), வேலையின்மை உதவித்தொகை, துணைவரின் சம்பளம், வட்டி எல்லாம் சேரும்.

2021 முதல் 2025 வரை மானியத்துக்கு வருமான உச்சவரம்பு இல்லாமல் இருந்தது. அந்தச் சட்டத்தின் காலம் 2025 கடைசியோடு முடிந்தது. 2026 கவரேஜுக்கு, வறுமைக்கோட்டின் 400 சதவீதம் வரைதான்: தனியாள் என்றால் 62,600 டாலர், நால்வர் குடும்பம் என்றால் 1,28,600 டாலர். ஒரு டாலர் தாண்டினாலும் முழு மானியமும் போச்சு. முன்பணமாக வாங்கிய மானியம் கூடுதல் என்று வரி தாக்கலில் தெரிந்தால், 2026 வருமானம் முதல் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு குறைந்த வருமானக்காரர்களுக்கு அதில் ஓர் உச்சவரம்பு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே எந்த மாதத்தில் வேலை போனது என்பது முக்கியம். பிப்ரவரியில் போனால் ஆண்டு வருமானம் குறைவாக இருக்கும், மானியம் கணிசமாகக் கிடைக்கலாம். டிடக்டிபிளிலும் பெரிதாக எதுவும் கட்டியிருக்க மாட்டீர்கள். மார்க்கெட்பிளேஸ் பக்கம் சாயலாம். அக்டோபரில் போனால் இரண்டும் தலைகீழ். வருமானம் ஏற்கெனவே வரம்பைத் தாண்டியிருக்கும். டிடக்டிபிள் முழுக்கக் கட்டி முடித்திருப்பீர்கள். புது பிளானுக்குப் போனால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்போது மூன்று மாதம் கோப்ராவைத் தாங்கிக்கொண்டு, பெரும்பாலான மாநிலங்களில் நவம்பர் 1-இல் தொடங்கும் ஓப்பன் என்ரோல்மென்ட்டில் ஜனவரிக்கு மாறிக்கொள்வதே என் கணக்கில் நல்லது.

மாறும்போது வருமானம் குறைவாக இருந்தால் சில்வர் என்ற நடுத்தரப் பிளான்களை முதலில் பாருங்கள். வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு டிடக்டிபிளும் கோபேயும் (ஒவ்வொரு சிகிச்சைக்கும் நீங்கள் கட்டும் பங்கு) குறையும் கூடுதல் சலுகை சில்வரில் மட்டும்தான் உண்டு. அதற்குக் கீழ்ப்படியான வெண்கல (Bronze) பிளான் மலிவாகத் தெரியும். நோய் வந்தால் அப்படித் தெரியாது.

கோப்ரா எடுத்துவிட்டேன், தாங்க முடியவில்லை. நடுவில் நிறுத்திவிட்டு மார்க்கெட்பிளேஸுக்குப் போகலாமா?

முதல் 60 நாளுக்குள் என்றால் போகலாம். அதற்குப் பிறகு நீங்களாக நிறுத்தினாலோ, பணம் கட்டத் தவறினாலோ, அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் வரை காத்திருக்க வேண்டும். 18 மாதம் முழுவதும் தீர்ந்தால் புது வாய்ப்பு உண்டு. பழைய கம்பெனி கோப்ராவில் ஒரு பங்கைக் கட்டிவந்து அது நின்றாலும் உண்டு. செவரன்ஸ் பேசும்போது சில மாதக் கோப்ராவைக் கம்பெனியே கட்டுமா என்று கேட்பதில் தவறில்லை. பல நிறுவனங்கள் தருகின்றன, கேட்காதவருக்குத் தராமலும் விடுகின்றன.

மாதாந்திரக் கட்டணத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. அதையும் தாண்டி ஒரு நாள் பிந்தினாலும் ரத்து செய்யலாம். கெஞ்சினால் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

கோப்ராவுக்குக் குடியுரிமை, விசா எதையும் பார்ப்பதில்லை. பிளானில் இருந்தீர்களா, அவ்வளவுதான் கேள்வி. மார்க்கெட்பிளேஸிலும் சட்டப்படி தங்கியிருப்பவர் என்ற முறையில் எச்-1பிக்காரரும், அவர் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருப்பவரும் சேரலாம்.

மானியத்தில்தான் மாற்றம் வருகிறது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டப்படி, 2027 ஜனவரி முதல் மானியம் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், இன்னும் ஓரிரு சிறு பிரிவினர் ஆகியோருக்கு மட்டுமே. எச்-1பிக்காரர் முழு விலை கொடுத்து வாங்கலாம், உதவி கிடைக்காது.

இன்னொரு குழப்பம், இரண்டு 60 நாள். வேலை போன எச்-1பிக்காரருக்கு 2017 முதல் 60 நாள் வரை சலுகைக் காலம் இருக்கிறது. தங்கும் அனுமதித் தேதியைக் காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். இது கடைசி வேலை நாளிலிருந்து ஓடும். இன்ஷூரன்ஸ் 60 நாள், கவரேஜ் முடிந்த நாளிலிருந்து ஓடும். மாதக் கடைசி வரை கவரேஜ் இருந்தால் இரண்டும் வேறு வேறு தேதியில் முடியும். ஒரு தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். இந்த நாட்களில் அதற்குமேல் எதையும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது.

மெடிக்கெய்ட் கிடைக்குமா?

இங்கே கணக்கு வேறு. ஆண்டு வருமானத்தை விட்டுவிட்டு அந்த மாத வருமானத்தைப் பார்ப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். மெடிக்கெய்டை இன்னும் பல பெரியவர்களுக்கு நீட்டிக்கும் விரிவாக்கத்தை ஏற்ற 40 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும், வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை பெரியவர்களுக்குக் கிடைக்கும். டெக்சஸ், ஃபுளோரிடா போன்றவை அதை ஏற்கவில்லை. அங்கே குழந்தை இல்லாத பெரியவர்களுக்கு வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். வேலையின்மை உதவித்தொகையும் வருமானமாகவே எண்ணப்படும்.

கிரீன் கார்டு வாங்கிப் பொதுவாக 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். எச்-1பியில் உள்ள பெரியவர்களுக்குக் கிடையாது. ஆனால் பல மாநிலங்கள் சட்டப்படி தங்கியுள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த 5 ஆண்டைப் பார்க்காமலே தருகின்றன. குழந்தைகளுக்கான வருமான வரம்பும் பெரியவர்களுக்கானதைவிட மிக அதிகம். “நமக்கெல்லாம் எங்கே தருவார்கள்” என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடாதீர்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர் மட்டும் முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அரசு உதவி பெறுவதை எப்படிப் பார்ப்பது என்ற விதி ஆட்சிக்கு ஆட்சி மாறிவருகிறது.

2027 ஜனவரிக்குள் விரிவாக்கப் பிரிவில் உள்ள பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு, சமூக சேவை என ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வருகிறது. 13 வயது வரையுள்ள குழந்தையின் பெற்றோர், கர்ப்பிணிகள் முதலிய சிலருக்கு விலக்கு. வேலை போனவருக்கான பாதுகாப்பில் வேலையைக் காட்டச் சொல்வது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. கணக்கில் உள்ள பணம்?

எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணம் உங்களுடையது, எங்கும் போகாது. சாதாரணமாக அதில் பிரீமியம் கட்ட அனுமதி இல்லை. கோப்ராவுக்கும், வேலையின்மை உதவித்தொகை வாங்கும் காலத்தில் மற்ற மருத்துவக் காப்பீட்டுக்கும் விலக்கு உண்டு.

மருத்துவச் செலவுக்காகச் சம்பளத்தில் பிடித்து வைக்கும் எஃப்.எஸ்.ஏ. நேர் எதிர். வேலை போனால் மிச்சத் தொகை கம்பெனிக்கே. ஆனால் இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆண்டுக்கு 3,000 டாலர் போடுவதாகச் சொல்லி இதுவரை 500 டாலர்தான் பிடித்திருக்கிறார்கள் என்றாலும், வேலை முடிவதற்கு முன் 3,000 டாலருக்கும் செலவு செய்து கேட்கலாம். மீதியைத் திருப்பிக் கேட்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை. கண்ணாடி மாற்ற நல்ல நேரம்.

மாதம் நூறு டாலருக்குக் குறுகிய கால பிளான் என்று விளம்பரம் வருகிறதே?

ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தர மாட்டார்கள். பிரசவம், மனநலம், மருந்து என்று பலவும் இல்லாமல் இருக்கும். வாங்கும்போது சில கேள்விகளோடு எளிதாகத் தந்துவிடுவார்கள். பெரிய பில் வந்த பிறகு உங்கள் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டுவார்கள். வேறு எல்லாக் கதவும் மூடிய பிறகு, விபத்துக்காவது ஆகட்டும் என்று எடுத்தால் சரி.

எனக்கு 65 ஆகிவிட்டது. கோப்ரா போதாதா?

போதாது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் டாக்டர் செலவுப் பகுதி, பார்ட் பி-யில் அபராதமின்றிச் சேர, வேலை முடிந்ததிலிருந்து 8 மாதம்தான். கோப்ராவில் இருப்பது அந்தக் கெடுவை நீட்டாது.

எதுவுமே இல்லாத நாட்களில் உடம்புக்கு வந்துவிட்டால்?

உயிருக்கு ஆபத்து என்றால் எமர்ஜென்சிக்குப் போங்கள். இன்ஷூரன்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கியே ஆக வேண்டும் என்ற சட்டமும் கோப்ரா பிறந்த அதே 1986 சட்டத் தொகுப்பில் வந்ததுதான். பில் மட்டும் வரும். பார்த்துப் பயந்து உடனே கிரெடிட் கார்டில் தேய்த்துவிடாதீர்கள். விவரமான பில் கேளுங்கள். லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் எழுத்து வடிவில் ஒரு நிதியுதவித் திட்டம் வைத்திருந்தாக வேண்டும். முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். கார்டில் கட்டிவிட்டால் அது ஆஸ்பத்திரிக் கடனாக இல்லாமல் வட்டிக் கடனாகிவிடும்.

சாதாரணக் காய்ச்சல், ரத்த அழுத்தம், தடுப்பூசி இவற்றுக்கு அரசு நிதியுதவி பெறும் சமூக சுகாதார மையங்கள் இருக்கின்றன. வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தைக் குறைப்பார்கள். திட்டமிட்ட சிகிச்சை என்றால், காப்பீடு இல்லாதவருக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்பது 2022 முதல் விதி. தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவரேஜ் முடியும் முன்பே 90 நாள் மருந்தை வாங்கி வைத்துக்கொள்ள டாக்டரிடம் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் அபராதம் உண்டா?

கூட்டாட்சி அளவில் 2019 முதல் இல்லை. கலிஃபோர்னியா, நியூஜெர்ஸி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், தலைநகர் வாஷிங்டன் ஆகிய இடங்களில் உண்டு. குறுகிய இடைவெளிக்கு விலக்கு இருக்கிறது.

புது வேலை கிடைத்துவிட்டது. பழையதை நிறுத்திவிடலாமா?

அவசரப்படாதீர்கள். புதுக் கம்பெனி இன்ஷூரன்ஸ் முதல் நாளே தொடங்கலாம், அடுத்த மாதம் முதல் தேதி தொடங்கலாம், சில இடங்களில் 90 நாள் வரை காக்க வைப்பார்கள். அதற்குமேல் வைக்கச் சட்டம் விடாது. புது அட்டையின் எண்ணை வைத்து டாக்டர் அலுவலகத்தில் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆக்டிவ் என்று அவர்கள் சொன்ன பிறகு கோப்ராவையோ மார்க்கெட்பிளேஸ் பிளானையோ எழுத்தில் நிறுத்துங்கள், வங்கியில் ஆட்டோபே போட்டிருந்தால் அதையும். மார்க்கெட்பிளேஸில் மானியம் வாங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றால், புது வேலைக்கான தகவலை அன்றே பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஏப்ரலில் வரி தாக்கலின்போது அந்த மாதங்களின் மானியத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.